இடது கண்ணுக்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து இருபது நாள் ஆகிறது. கடையில் வாங்கிய வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு எழுதுகிறேன், வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ சொன்ன மல்டிஃபோக்கல் லென்ஸ் வைக்கவில்லை. கோபப்படாதே. சாதாரண மோனோஃபோக்கல்தான், மடித்து உள்ளே விடுகிற வகை. மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத கீறல், தையலே இல்லை. உன் பெரியம்மாவுக்கு அந்தக் காலத்தில் வைத்தது மடங்காத கெட்டி லென்ஸ், அதற்கு இதைப்போல இரண்டு பங்குக்கு மேல் திறந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். மோனோஃபோக்கல் ஒரு தூரத்துக்குத்தான். பஸ் போர்டு தெரியும், ஊசிக் காது தெரியாது. மல்டிஃபோக்கல் உள்ளே வருகிற வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பங்கு போடும். பங்கு போட்டால் இரண்டு பக்கமும் குறையத்தானே செய்யும்? எதிர்வீட்டு வாத்தியார் அதைத்தான் வைத்தார். கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார், சரி. ராத்திரி வண்டி எடுத்தால் எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறதாம். எனக்கு வண்டி இல்லை. ஆனால் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிய வேண்டுமே. கண்ணாடி போடுவது எனக்கென்ன புதிதா?

மட்டமான லென்ஸ் என்று நினைக்காதே. 1992இலிருந்து நம் மதுரையிலேயே ஆரோலேப் என்கிற தொழிற்சாலையில் செய்கிறார்கள், எத்தனையோ நாட்டுக்குப் போகிறது. வெளிநாட்டு லென்ஸ் மட்டும் இருந்தபோது நம்மைப் போன்றவர்களுக்கு அது எட்டாத விலை.

கட்டை அவிழ்த்த அன்று என் நூல் டப்பாவைப் பார்த்தேன். வெள்ளை என்று எடுத்து வைத்ததில் பாதி சந்தன நிறம். அதை வைத்து எத்தனை பேருக்கு ரவிக்கை தைத்தேனோ, யாரும் சொல்லவில்லை.

நீ அனுப்பிய பணத்தைத் தொடவில்லை. பாங்கில் அந்தப் பெண்ணிடம் ‘என் மகன் அனுப்பியது’ என்று இரண்டு தடவை சொன்னேன், சிரித்தாள். பணம் அப்படியே கிடக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள். காரை விற்றுவிட்டாய் என்று பெரியம்மா மகன் சொன்னான். பெங்களூர் நெரிசலில் கார் எதற்கு, நல்லதுதான். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு போன் வரும். இப்போது ராத்திரி ஒரு மணிக்கு ‘நல்லா இருக்கேன்மா’ என்று ஒரு வரி. ஆபரேஷன் அன்றும் அந்த ஒரு வரிதான். ஆபீஸில் வேலை அதிகம் போல. ராத்திரி கண் விழிக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பத்தாவின் சோடாபுட்டிக் கண்ணாடி ஞாபகம் இருக்கிறதா? முகாமில் புரையை எடுத்தார்கள், லென்ஸ் வைக்கவில்லை. அந்தக் கண்ணாடிதான் அவருக்குக் கண். ஒரு தீபாவளிக்கு முன்னால் அது உடைந்தது. எனக்குத் தலைக்கு மேல் தையல். ‘வீட்டுக்குள்ளேதானே இருக்கீங்க, பொங்கலுக்குப் பார்ப்போம்’ என்றேன். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்காததால் பெரிதாகத் தேவையில்லை என்று நானே வைத்துக்கொண்டேன். மூன்று மாதம், தம்பி. கொல்லைக்கு நீதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாய். கண்ணாடி வாங்கப் பணம் இருந்தது. இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. அன்றைக்கு நான் முகம் சுளித்திருப்பேன், அதனால்தான் அப்பத்தா மறுபடி வாய் திறக்கவில்லை.

நீயும் அவரைப் போலத்தான், எதையும் இரண்டு தடவை கேட்க மாட்டாய்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் 14ஆம் தேதி. அதற்கும் இதே லென்ஸ்தான், சொல்லிவிட்டேன். கூட ஒரு ஆள் வர வேண்டுமாம். பெரியம்மா வருகிறேன் என்கிறாள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது.

அம்மா