அந்தத் தக்காளிச் செடிய நேத்து புடுங்கிட்டேன்

டேய் கண்ணா,

நீ அனுப்புன பால்கனி போட்டோவ காலைலேருந்து விரலால பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துட்டு இருக்கேன். 9 தொட்டி இருக்கு. நீ போட்ட லிஸ்ட்ல 14 காய் இருக்கு. கடைசியில "அம்மா, எதெது எப்ப விதைக்கணும்னு ஒரு டேபிள் போட்டு அனுப்பு"ன்னு ஒரு வரி வேற. டேபிள்லாம் எனக்கு வராது, வாய்க்கு வந்தபடி எழுதுறேன், நீ வேணா அதுலேருந்து போட்டுக்கோ.

அதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லிடறேன், கோச்சுக்காத. போன தடவ லீவுல வந்தப்ப நீ நட்டுட்டுப் போனியே ஒரு தக்காளி, அத நேத்து புடுங்கிட்டேன்.

நல்லாதான் இருந்துச்சு முதல்ல. ரெண்டு ரவுண்டு காய்ச்சுது, ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சப்பவே அதோட வேலை முடிஞ்சுபோச்சு, அடியில இலையெல்லாம் மஞ்சளாகி, நுனியில மட்டும் கொஞ்சம் பச்சை. வேற செடியா இருந்தா அன்னிக்கே புடுங்கியிருப்பேன். இது நீ நட்டது. உங்கப்பா மூணு தடவ சொன்னார், புடுங்கிடு புடுங்கிடுன்னு. "இருக்கட்டும், ஒரு பிஞ்சு தெரியுது"ன்னு சொல்லிட்டே இருந்தேன். பிஞ்சாவது ஒன்னாவது. சும்மா பாக்கறதுக்கு வெச்சிருந்தேன், அவ்ளோதான்.

அதுல வெள்ளை ஈ வந்து குடியேறிடுச்சு. கிளையத் தொட்டா மாவு ஒதறின மாதிரி பறக்கும், அப்புறம் திரும்ப வந்து இலைக்கு அடியிலயே உக்காந்துக்கும். இந்த சனியன் சாற உறிஞ்சிட்டு மட்டும் போனா பரவால்ல, இலைச்சுருட்டு வைரஸ ஒரு செடியிலேருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோயிடும். புதுசா 12 நாத்து நட்டிருந்தேன் பக்கத்துல, ஜம்முன்னு வந்துச்சு, மூணாவது வாரம் பாத்தா கொழுந்தெல்லாம் குறுகி, இலை விளிம்பு மேல பாத்து மடங்கி சின்ன சின்னப் படகு மாதிரி ஆயிடுச்சு. அந்த வைரஸுக்கு மருந்து கிடையாதுடா. வேப்பெண்ணெய் அடிச்சா ஈ குறையும், செடிக்குள்ள போன வைரஸ் போகாது. 12ம் போச்சு. ஒரு பட்டமே போச்சு. ஒரு கிழட்டுச் செடி மேல பாசம் வெச்சதுக்கு.

நேத்து விடியக்காலைலயே எழுந்து போனேன், வெயில் ஏறாதப்ப ஈ மந்தமா இருக்கும், பறக்காது. பழைய பெட்ஷீட்ட ஈரமாக்கி செடி மேல போத்தி அப்படியே வேரோட இழுத்தேன். மக்கு உரக் குழியிலல்லாம் போடல, கவர்ல போட்டுக் கட்டி வெளிய தள்ளியாச்சு. ஆனா வேரப் பாத்தப்பதான் எனக்குத் திக்குன்னு ஆச்சு. வேர் பூரா முடிச்சு முடிச்சா, பாசிமணி கோத்த மாதிரி. நூற்புழு, அதான் வேருக்குள்ள புகுந்து உக்காந்துக்கற கண்ணுக்குத் தெரியாத புழு. மதியம் வெயில்ல வாடுது வாடுதுன்னு இத்தனை நாளா தண்ணிய ஊத்திட்டு இருந்தேனே, வேரே குடிக்க முடியாம கெடந்திருக்கு பாவம்.

இதுல ஒன்னு கவனிச்சுக்கோ, பீன்ஸ் புடுங்கினாலும் வேர்ல உருண்டை இருக்கும், அதப் பாத்து பயந்துடாத. அது நல்லது, காத்துல இருக்கற நைட்ரஜனப் புடிச்சு செடிக்குக் குடுக்கற பாக்டீரியா இருக்கற வீடு. நகத்தால தட்டினா தனியா உதிர்ந்து வந்துரும், நசுக்கினா உள்ள ரோஸா இருக்கும். நூற்புழு முடிச்சு அப்படி உதிராது, வேரே வீங்கியிருக்கும். அதனாலதான் பீன்ஸ் முடிஞ்சா நான் செடிய புடுங்கறதில்ல, மண் மட்டத்துல வெட்டிட்டு வேர உள்ளயே விட்டுடுவேன், அப்படியே மக்கி மண்ணுக்கு உரமாயிடும்.

சரி, உன் விஷயத்துக்கு வரேன். எல்லாரும் எப்ப விதைக்கணும்னுதான் கேக்குறாங்க, நீயும் அதான் கேக்குற. எப்ப முடியும்னு யாரும் கேக்கறதில்ல. எனக்கு இத்தனை வருஷத்துல புரிஞ்சது என்னன்னா முடியற தேதிய முதல்ல எழுதிட்டு அங்கேருந்து பின்னாடி எண்ணிட்டு வரணும். உன் ஊர்ல பனி உறையும். வசந்தத்துல கடைசியா என்னிக்குப் பனி உறையும், குளிர் திரும்பறப்ப முதல்ல என்னிக்கு உறையும், இந்த ரெண்டு தேதியையும் வானிலைக்காரங்க போட்டிருப்பாங்க, தேடி எடுத்து சுவத்துல ஒட்டு. தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, வெள்ளரி, பீன்ஸ் இதெல்லாம் அந்த ரெண்டு தேதிக்கு நடுவுலதான் வாழும், ஒரு ராத்திரி உறைபனி பட்டா காலைல வேகவெச்ச கீரை மாதிரி தொங்கிடும். பட்டாணி, முள்ளங்கி, பாலக்கு, லெட்யூஸ்லாம் கொஞ்சம் பனிய தாங்கும், அதுங்களுக்கு வெயில்தான் எமன்.

விதை பாக்கெட்ல தக்காளிக்கு 70 நாள்னு போட்டிருக்கும் பாரு, அதப் பாத்து ஏமாந்துடாத, அது பெரும்பாலும் நாத்த எடுத்து நட்ட நாள்லேருந்து எண்ணறது. நாத்து வளர உன் குளிர்ல வீட்டுக்குள்ள 6 வாரம் ஆகும், மிளகாய்க்கு 8 வாரம்னே வெச்சுக்கோ, அது முளைக்கறதுக்கே ரெண்டு மூணு வாரம் எடுத்துக்கும், சூடு வேணும் அதுக்கு. முளைக்கலன்னு நோண்டிப் பாக்காத, சின்ன வயசுல நீ பண்ண வேலைதான அது, வெந்தயத்த நட்டுட்டு தினமும் தோண்டித் தோண்டிப் பாப்ப. வீட்டுக்குள்ள வளந்த நாத்த சட்டுன்னு வெளிய வெச்சா வெயிலும் காத்தும் பட்டு இலை வெளுத்துப் போயிடும், முதல் நாள் நிழல்ல ஒரு மணி நேரம், அடுத்த நாள் ரெண்டு, அப்படி ஒரு வாரம் பழக்கிட்டு நடு.

பீன்ஸ், வெள்ளரி, வெண்டையெல்லாம் தொட்டியிலயே நேரா போட்டுக்கலாம், ஆனா பனி போயிடுச்சுன்னு மறுநாளே போட்டுடாத, மண்ணு சில்லுன்னு ஈரமா இருந்தா விதை அழுகிடும். பீன்ஸுக்கு மண் சூடு 16 டிகிரியாவது வேணும், வெண்டைக்கு இன்னும் மேல. சமையல்ல வெக்கற தெர்மாமீட்டர் இருந்தா காலைல மண்ணுல குத்திப் பாரு.

இப்ப அந்த 14 காய். பாதிக்கு மேல அடிச்சுட்டேன். பூசணி வேண்டாம், பால்கனி பூரா அதுவே படுத்துக்கும். கேரட்டுக்கு ஆழமான தொட்டி வேணும், உன்னோடது பூரா அகலமா தட்டையா இருக்கு. தக்காளிக்கு ஒரு செடிக்கு 20 லிட்டர் தொட்டி வேணும், உன்கிட்ட அப்படி ரெண்டுதான் தெரியுது, அந்த நீலமும் ஓரத்துல இருக்கற கருப்பும். அதனால ரெண்டு தக்காளி, ரெண்டே ரெண்டு. ஆசைக்கு ஒன்ன இடிச்சு நடாத, ரெண்டும் காய்க்காது.

வெயில் எவ்ளோ விழுதுன்னும் சொல்லவே இல்ல நீ. ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல இருக்கறப்ப மணிக்கு ஒரு போட்டோ எடு, ஒரே எடத்துலேருந்து. 6 மணி நேரம் நேர் வெயில் விழற எடத்துல மட்டும் காய்கறி, 3, 4 மணி நேரம் விழற எடத்துல கீரை, கொத்தமல்லி, லெட்யூஸ். அதுக்கும் கம்மியா இருந்தா அங்க சேர் போட்டு உக்காந்துக்கோ.

கொத்தமல்லியும் முள்ளங்கியும் மொத்தமா ஒரே நாள்ல கொட்டிடாத, இது ரொம்ப முக்கியம். ஒரே நாள்ல விதைச்சா ஒரே நாள்ல முத்தும். 15 நாளைக்கு ஒரு தடவ ஒரு கை அளவு போதும். முள்ளங்கி 25, 30 நாள்ல வந்துரும், அதுக்கு மேல விட்டா சக்கையாயிடும். கொத்தமல்லி விதை ஒரு உருண்டைக்குள்ள ரெண்டு இருக்கும், சப்பாத்திக் கட்டைய வெச்சு லேசா உருட்டி ரெண்டா உடைச்சிட்டுப் போடு. பகல் நீண்டு வெயில் ஏறினா அது இலை விடறத விட்டுட்டு பூத்தண்டு விட்டுடும், அப்ப அத மாத்த முடியாது, தண்ணி ஊத்தியும் பிரயோஜனம் இல்ல, விதைக்கு விட்டுடு இல்லன்னா புடுங்கிடு.

உனக்குக் குளிர்ல கதவு சாத்திடும், எனக்கு உச்சி வெயில்ல சாத்திடும், அவ்ளோதான் வித்தியாசம். பகல் 35 டிகிரி தாண்டி ராத்திரியும் 24க்குக் கீழ எறங்கலன்னா தக்காளிப் பூவெல்லாம் காம்போட உதிரும், மகரந்தம் வேலை செய்யாது. சத்து கொறைன்னு நெனச்சு உரத்த அள்ளிப் போட்டுட்டு இருந்தேன் ஒரு காலத்துல. இப்ப அந்த மாசங்கள்ல வெண்டை மட்டும்தான், அது வெயிலக் கண்டாதான் துள்ளும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவ பறிக்கணும், ஒரு காய மறந்து முத்த விட்டா செடி சரி வேலை முடிஞ்சுதுன்னு காய்க்கறதக் கொறச்சிடும். உன் பக்கம் பகல் 10 மணி நேரத்துக்குக் கீழ போயிட்டா வளர்ச்சி நின்ன மாதிரிதான், அதனால குளிருக்கு முன்னாடி போடறதெல்லாம் பாக்கெட்ல போட்ட நாளுக்கு மேல ரெண்டு வாரம் சேத்து எண்ணிக்கோ.

தண்ணி தினமும் இத்தனை மக்குன்னுலாம் கணக்கு கேக்காத. விரல ரெண்டாவது கணு வரைக்கும் மண்ணுக்குள்ள விடு, ஈரமா இருந்தா ஊத்தாத. ஒரு நாள் காயப்போட்டு ஒரு நாள் கொளமாக்கினா தக்காளி அடியில கருப்பா தோல் மாதிரி சப்பிப்போகும், அது பூச்சியும் இல்ல நோயும் இல்ல, தண்ணி ஏறக்கொறைய போனதால காய்க்கு சுண்ணாம்புச் சத்து போய்ச்சேரல. மண்ணு மேல காஞ்ச இலை ரெண்டு இஞ்சு மூடாக்கு போட்டுடு, பாதி பிரச்சனை போயிடும். வெள்ளரி பூ உதிருதேன்னு அலறி போன் பண்ணாத, முதல்ல வர்றது பூரா ஆண் பூ. அடியில குட்டிக் காய் ஒட்டிட்டு வர்றதுதான் பெண் பூ, பால்கனிக்குத் தேனீ வரலன்னா காலைல ஆண் பூவ பறிச்சு இதழ உரிச்சுட்டு அதுல தடவி விடு.

ஒவ்வொரு தொட்டியிலயும் ஒரு ஐஸ் குச்சி குத்தி ரெண்டு தேதி எழுது, விதைச்ச தேதி ஒன்னு, புடுங்க வேண்டிய தேதி ஒன்னு. பென்சில்ல எழுது, மார்க்கர் வெயில்ல அழிஞ்சிடும். அந்த ரெண்டாவது தேதி வந்தா என்ன மாதிரி பிஞ்சு தெரியுதுன்னு கதை சொல்லாத.

எனக்கு இப்ப அந்தப் பாத்தியில ஒரு வருஷத்துக்கு மேல தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் கிடையாது, மூணும் ஒரே குடும்பம், நூற்புழுவுக்கு விருந்து. பாத்தி பூரா நெருக்கமா செண்டுமல்லி போட்டிருக்கேன், அதோட வேருக்கு நூற்புழுவ அடக்கற குணம் உண்டு, மூணு மாசம் நின்னா மடக்கி மண்ணுலயே உழுதுடுவேன். உங்கப்பா பூ பறிக்கறதுக்குன்னு நெனச்சுட்டு கூடையோட சுத்துறார்.

அப்புறம் உன் செடி. அது முதல் ரவுண்டு காய்ச்சு நல்லா இருந்தப்பவே ரெண்டு பழம் எடுத்து விதை புடிச்சு வெச்சிருக்கேன், அது ஹைப்ரிட் இல்லையே, அதனால விதை அப்படியே அதே மாதிரி வரும். சாறோட டம்ளர்ல மூணு நாள் புளிக்க விட்டு, மேல படலம் கட்டினப்புறம் அலசி, தட்டுல காயவெச்சு, காகிதத்துல மடிச்சு உன் பேர் எழுதி பீரோவுல வெச்சேன். போன வாரம் 10 விதைய ஈர டிஷ்யூவுல சுத்திப் பாத்தேன், 8 முளைச்சுது. மிச்சம் இன்னும் 40 போல இருக்கு, வேற புது தொட்டியில புது மண்ணுல போடப்போறேன். ஆனா இப்ப போட மாட்டேன். நாத்துக்கு ஒரு மாசம், நட்டு பழுக்க 70 நாள். நீ இந்தத் தடவ லீவுக்கு வர்ற தேதிய சொல்லு, "பாக்கலாம்மா"ன்னு சொல்லாத, தேதி வேணும், நான் அங்கேருந்து 100 நாள் பின்னாடி எண்ணணும்.

அம்மா