மிக்ஸிக்கு எழுதும் வாட்டை லேப்டாப்புக்கு எழுதக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார கேள்வி-பதில் பகுதியில், கல்லூரியில் சேரப்போகும் மகன் வீடியோ எடிட்டிங் பழக எந்த லேப்டாப் வாங்கலாம் என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். 'ஆர்டிஎக்ஸ் 4070 போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் அதே கார்டுதான், அளவு மட்டும் சின்னது' என்று உங்கள் பதிலாளர் எழுதியிருக்கிறார். (4070 என்பது என்விடியா கம்பெனியின் கிராபிக்ஸ் கார்டு. படம், வீடியோ கணக்கையெல்லாம் போடுவது அதுதான்.) அந்த 'அதே'யைப் படித்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதே 'அதே'தான் இருந்தது.

நான் கரூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோதான் பிழைப்பு. ஸ்டூடியோ டெஸ்க்டாப்பில் 4070 கார்டு இருக்கிறது, அதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலை முகூர்த்தத்தை மாலை ரிசப்ஷனிலேயே எல்இடி திரையில் போட்டுக் காட்டச் சொல்லும் பழக்கம் இப்போது வந்துவிட்டது. மண்டபத்திலேயே உட்கார்ந்து எடிட் செய்யலாமே என்று, லேப்டாப்பிலும் 4070 பார்த்து வாங்கினேன். உங்கள் பதிலாளர் சொன்னதைத்தான் கடைக்காரரும் சொன்னார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் போல.

போன தை மாதம் ஒரு கல்யாணம். ஸ்டூடியோவில் தினமும் செய்கிற அதே வேலைதான்: ஃபோர்கே, கொஞ்சம் கலர், மங்கலான மண்டபத்துக் காட்சிகளில் புள்ளி புள்ளியாகத் தெரிவதைத் துடைக்க நாய்ஸ் ரிடக்‌ஷன். எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் ரெண்டரில், பாதியிலேயே கிராபிக்ஸ் மெமரி நிரம்பிவிட்டது என்று சொல்லி நின்றது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. டெஸ்க்டாப் 4070இல் மெமரி 12 ஜிபி, லேப்டாப் 4070இல் 8 ஜிபி என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. நாய்ஸ் ரிடக்‌ஷனைத் தூக்கிவிட்டு ஓட்டினால், ஃபேன் நாதஸ்வரத்தோடு போட்டி போடுகிறது, பர்சென்டேஜ் மட்டும் நகரவில்லை. ஏழு மணிக்குப் பெண்ணின் அப்பா வந்து பக்கத்தில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அன்று இரவு முழுக்கத் திரையில் மணமக்கள் பெயரும் ரெண்டு ரோஜாப் பூவும்தான் ஓடின. பாக்கிப் பணத்தில் பத்தாயிரத்தை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆசிரியருக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. டெஸ்க்டாப் 4070க்குள் இருப்பது ஏடி104 என்ற சிப், அதில் 5,888 கோர், அதாவது கணக்குப் போடும் குட்டி அலகுகள். லேப்டாப் 4070க்குள் இருப்பது அதைவிடச் சின்ன ஏடி106, 4,608 கோர். டெஸ்க்டாப்பில் 4060 டிஐ என்று விற்கிறார்களே, அந்த வீட்டுப் பிள்ளை இது. 4090இல் கூத்து இன்னும் பெரிது. டெஸ்க்டாப்பில் 16,384 கோர், 24 ஜிபி. லேப்டாப்பில் 9,728 கோர், 16 ஜிபி, அதாவது டெஸ்க்டாப் 4080இன் கணக்கு. அடுத்த தலைமுறையாக 50 வரிசை வந்தும் திருந்தவில்லை, 5070 என்றால் டெஸ்க்டாப்பில் 12 ஜிபி, லேப்டாப்பில் 8. நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: 4060இல் இரண்டு பக்கமும் ஒரே சிப், ஒரே 3,072 கோர். அந்த அம்மாவிடம் 4060 என்று சொல்லியிருந்தால் அவருக்குக் காசும் மிஞ்சியிருக்கும், 'அதே'யும் ஓரளவு பொருந்தியிருக்கும்.

கோரை விடுங்கள், வாட்டுக்கு வருகிறேன். வாட் குறைந்தால் கார்டின் வேகமும் குறையும். டெஸ்க்டாப் 4070 கார்டு மட்டும் தனியாக 200 வாட் வரை இழுக்கும். லேப்டாப் 4070க்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள லேப்டாப் கம்பெனிக்கு உரிமை உண்டு. ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். மெல்லிசாக இருக்கிறதே, தூக்கிக்கொண்டு அலைய வசதி என்று நான் எடுத்ததில் 60 வாட். அதையும் சாஃப்ட்வேருக்குள் போய்த் தோண்டித்தான் கண்டுபிடித்தேன். அவ்வளவு ஒல்லியான பெட்டிக்குள் அதற்கு மேல் சூட்டைத் தள்ள வழியில்லை, சரி. அதில் எனக்குச் சண்டை இல்லை. அதைப் பெட்டி மேல் எழுதாமல் விட்டதில்தான் சண்டை. கழற்றி வேறு மாட்டலாம் என்றால் மதர்போர்டோடு பற்றவைத்திருக்கிறார்கள். கடையில் போய்க் கேட்டேன். "அண்ணே, வாட் எல்லாம் மிக்ஸிக்குப் பாக்குறது" என்றார். வாஸ்தவம்தான். என் வீட்டில் மிக்ஸி வாங்கும்போது 500 வாட்டா 750 வாட்டா என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினார்கள். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்த நான்தான் பார்க்கவில்லை.

முன்பெல்லாம் 980எம் என்று ஓர் 'எம்' போட்டு, இது லேப்டாப் சமாசாரம் என்று காட்டிவிடுவார்கள். 2016இல் 10 வரிசையில் அந்த எம்மை எடுத்தபோது அதில் ஒரு நேர்மை இருந்தது. லேப்டாப் 1070இல் டெஸ்க்டாப்பைவிடக் கோர் கூடவே இருந்தது. அப்புறம் 2017இல், மெல்லிய லேப்டாப்புக்காக வாட்டைக் குறைத்தது என்று காட்ட மேக்ஸ்-கியூ என்று ஒரு வால் வந்தது. 2021இல் 30 வரிசை வந்தபோது அந்த வாலும் பெயரிலிருந்து போய்விட்டது. 'லேப்டாப் ஜிபியு' (ஜிபியு என்றால் கிராபிக்ஸ் சிப்) என்று சேர்த்துத்தானே சொல்கிறார்கள் என்பார் உங்கள் பதிலாளர். அவரே சேர்க்கவில்லையே ஐயா! இதைப் பற்றி அப்போதே உங்களுக்கு மூன்று பக்கம் எழுதினேன். 'தொழில்நுட்பப் பக்கம் மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது – வாசகர், கரூர்' என்று பிரசுரித்தீர்கள். நான் எழுதாத வரி அது. சொந்தக்காரர்கள் போன் செய்து பாராட்டினார்கள்.

அதற்கும் முந்தி, 850 விஏ இன்வெர்ட்டர் 850 வாட் தாங்கும் என்று எழுதினீர்கள். விஏ வேறு, வாட் வேறு; தாங்கும் வாட் அதைவிடக் குறைவு. வாட்டுக்கும் உங்கள் இதழுக்கும் ஏதோ பழைய பகை இருக்கிறது என்று அப்போதே நினைத்தேன். சென்ற வாரப் பதிலுக்கு எதிர்ப் பக்கத்தில் லேப்டாப் கடை விளம்பரம் முழுப் பக்கத்துக்கு வந்திருப்பது தற்செயல்தான். இருபத்திரண்டு வருடமாக உங்கள் இதழை வாங்குகிறவன் வேறு எப்படி நினைப்பேன்?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி லேப்டாப் பெயர் வரும் இடத்தில் கிராபிக்ஸ் எத்தனை வாட், மெமரி எத்தனை ஜிபி என்று பக்கத்தில் போடுங்கள். கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது, அந்த அம்மா வாங்கியிருக்க மாட்டார். அடுத்த இதழிலேயே அவருக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்குவது உங்கள் உரிமை. 8 ஜிபி, 12 ஜிபி, 60 வாட், 200 வாட், இந்த நான்கு எண்ணையும் மட்டும் வெட்டாதீர்கள். 'பயனுள்ளதாக இருக்கிறது' என்று போடுவதானால் தயவுசெய்து என் ஊர்ப் பெயரை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டூடியோக்காரர், கரூர்.