எடைக்குப் போட வேண்டாம், அப்பா

மெல்பர்ன்,
ஜூலை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் அம்மா பேச்சோடு பேச்சாக, நம் பிரஸ்ஸின் பின்கட்டில் கிடக்கிற, படம் அச்சடிக்கிற பழைய பிளாக்குகளை எடைக்குப் போடப் போகிறீர்கள் என்று சொன்னாள். எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் பொமாரிஸ் என்ற கடலோர ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரவு டியூட்டி முடிந்தால் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒருநாள் சும்மா நிற்பானேன் என்று கடற்கரை மேட்டுக்கு நடந்தேன். வழியில் ஒரு பலகை, அதில் ஓர் ஓவியத்தின் படம். மூடுபனி பிடித்த கடல், கரையின் வளைவு, அவ்வளவுதான். தலையைத் தூக்கினால் எதிரே அதே வளைவு, அதே பனி. கீழே கிளாரிஸ் பெக்கெட் என்று பெயர் போட்டிருந்தது. இங்கே கூட வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டேன், பாதிப் பேருக்குத் தெரியவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெண் ஓவியர், 1887-ல் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1919-ல் குடும்பத்தோடு பொமாரிஸுக்கு வந்து, உடம்பு முடியாத அம்மா அப்பாவைக் கவனித்துக்கொண்டார். பகலெல்லாம் வீட்டு வேலை. விடிவதற்கு முன்னும் பொழுது சாயும்போதும் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில், சாமான்களை ஒரு சின்னத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் வரைவார். தந்திக் கம்பம், ஈரத் தார் ரோடு, பனியில் வருகிற காரின் விளக்கு, டிராம். இதையெல்லாம் யார் வரைவார்கள் என்று மற்றவர்கள் விட்டதை அவர் வரைந்தார். விமர்சகர்கள் மங்கலாக இருக்கிறது என்றார்களாம், அதிகம் விற்கவும் இல்லை. இரவு வேலை பார்த்துவிட்டு அதே ரோட்டில் வருகிறவள் நான். அது மங்கல் இல்லை அப்பா, அந்த நேரத்தில் ரோடு அப்படித்தான் இருக்கும். 1935-ல் புயலில் நின்று வரைந்ததில் நிமோனியா வந்து, 48 வயதில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. அவர் படங்கள் சுமார் 2000, பெனல்லா என்ற ஊர்ப் பக்கம் பக்கச்சுவர்கூட இல்லாத ஒரு கொட்டகையில் கிடந்தன. மழையும் எலியும் பாடாய்ப் படுத்தியிருக்கின்றன. 1970 வாக்கில் ரோசலிண்ட் ஹாலின்ரேக் என்ற அம்மா தேடிப் போய்ப் பார்த்தபோது காப்பாற்ற முடிந்தது 369தான். மறுவருஷமே நாட்டின் தேசிய ஓவியக்கூடம் அவருடைய படங்களில் எட்டை வாங்கியது.

அந்தப் புத்தக அடுக்கிலேயே இன்னொருவர் கிடைத்தார், எத்தல் ஸ்பவர்ஸ். இவரைப் பற்றி உங்களிடம்தான் சொல்ல வேண்டும். மெல்பர்ன்காரர், அவருடைய அப்பா செய்தித்தாள் முதலாளி. அவரும் அச்சு மை வாசனையில் வளர்ந்த பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். 1928-29 வாக்கில் லண்டன் போய் கிளாட் ஃப்ளைட் என்பவரிடம் லினோ பிளாக் வெட்டக் கற்றுக்கொண்டார். தரையில் ஒட்டுகிற லினோலியத்தைத்தான் வெட்டுவார்கள். ஃப்ளைட்டின் முறையில் கறுப்புக் கோட்டுக்கென்று தனி பிளாக் கிடையாது. கலருக்கு ஒரு பிளாக், ஒன்றின்மேல் ஒன்று அடித்தால் கலர்கள் கலந்து உருவம் எழும்பும். கோடு இல்லாமல் ரெஜிஸ்டர் பிடிப்பது, அதாவது கலர்கள் இம்மி விலகாமல் ஒன்றின்மேல் ஒன்று விழச் செய்வது, எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாதா? பிள்ளையார் படம் போட்ட கல்யாணப் பத்திரிகைக்கு மூன்று கலர் அடிக்கும்போது ஒரு நூல் தள்ளிப்போனதென்று நீங்கள் முந்நூறு தாளை ஒதுக்கி வைத்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்பவர்ஸ் 1930-ல் அடித்த ஒரு படத்துக்கு ‘மழை பெய்யும் பிற்பகல்’ என்று பெயர். வளைவு வளைவாகக் குடைகள். முகமே தெரியாமல் ஒரு தெரு முழுக்க நனைகிறது.

ஜெஸ்ஸி ட்ரெயில் என்று ஒருவர் சிட்னி துறைமுகப் பாலம் எழும்ப எழும்ப, அங்கே போய்ப் போய் வரைந்து எச்சிங் என்ற தகட்டு அச்சு எடுத்திருக்கிறார். நம் ஜிங்க் பிளாக் மாதிரி அமிலத்தில் அரித்த தகடுதான். ஆனால் நம்மிடம் மேடு மை பிடிக்கும், அதில் பள்ளம் பிடிக்கும். மேலே இருக்கிற மையைத் துடைத்துவிட்டு ஈரத்தாளை வைத்து அழுத்துவார்கள்.

சனிக்கிழமைகளில் இங்கே ஒரு சமூகக்கூடத்தில் லினோ வெட்டச் சொல்லித் தருகிறார்கள், சேர்ந்திருக்கிறேன். முதல் நாள் எழுத்தை இடவலம் மாற்றி வெட்டச் சொன்னபோது எல்லாரும் கண்ணாடி தேடினார்கள். நான் கண்ணாடி இல்லாமலே ‘அப்பா’ என்று இடவலம் மாற்றி வெட்டினேன். மையை ரோலரில் உருட்டும்போது அந்த ‘சர்ர்’ சத்தம் சன்னமாகும்வரை உருட்டச் சொல்வீர்களே, அதையும் செய்தேன். சொல்லித் தருகிற அம்மா யாரிடம் படித்தாய் என்று கேட்டாள்.

பெரிய மரப்பெட்டியில் அந்த மயில் பிளாக் இருக்கிறது, தேர்த் திருவிழா நோட்டீஸுக்குத் தாத்தா வெட்டியது. கல்யாணப் பத்திரிகைக்கான வாழைமரமும் குத்துவிளக்கும் இருக்கின்றன. எந்த பிளாக் யார் வெட்டியது என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. தயவுசெய்து பெட்டியை ஒழுகுகிற மூலையிலிருந்து நகர்த்தி, செங்கல் வைத்து அதன்மேல் வையுங்கள். கரையான் பிடித்திருந்தால் தம்பியை விட்டு வெயிலில் காயவைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தாள் அடித்து, பின்னால் பெயரும் வருஷமும் எழுதி வையுங்கள். மை வாங்க இந்த மாதப் பணத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். தை மாதம் லீவில் வரும்போது மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பொமாரிஸ் பஸ் ஸ்டாப், மூன்று கலர். பச்சை கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது.

உங்கள் அன்பு மகள்