நிலன் நெளி மருங்கு

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில், நம் பக்கம் மறுபடியும் கனமழை எச்சரிக்கை விடுத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னதும், பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்டாய். அதைச் சொல்லாமல் நான் முக்கூடற்பள்ளு என்ற பழைய உழவர் பாட்டு நூலிலிருந்து ஒரு பாட்டை எடுக்கவே, "செய்தி கேட்டால் செய்யுள் சொல்கிறீர்களே அப்பா" என்று சிரித்தாய். கேலியில் குறையொன்றும் இல்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது என்பதால், அதற்குத் தொலைபேசியில் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட உட்கார்ந்து எழுதுவதே முறை என்று பட்டது.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். அன்று காலையில் தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது என்பதையும், அது அந்தப் பகுதிக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் மழையைவிட அதிகம் என்பதையும் முதலில் எனக்குச் சொன்னவள் நீதான். இங்கே மின்சாரம் இல்லை, செய்தித்தாள் வரவில்லை, ஏரல் பக்கத்தில் இருக்கும் அத்தையின் கைப்பேசி அணைந்து கிடந்தது. ஏறக்குறைய 800 பயணிகளுடன் திருச்செந்தூர் விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிற்கிறது, தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது என்று அடுத்த தெருக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து செயற்கைக்கோள் படத்தில் எங்கள் தாமிரபரணி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஆற்றிலிருந்து இரண்டு மைலில் இருந்துகொண்டு ஒன்றும் அறியாமல் இருந்தேன். அத்தை மாடியில் இரண்டு இரவைக் கழித்துவிட்டு மூன்றாம் நாள் படகில் வந்து சேர்ந்தாள் என்பது உனக்குத் தெரியும்.

பிறகு செய்திகள் வரத் தொடங்கின, அளவுக்கு மீறியே வந்தன. எச்சரிக்கை போதவில்லை என்று மாநில அரசு சொன்னது, முன்னதாகவே கொடுத்தோம் என்று ஒன்றிய அரசு சொன்னது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது பற்றி ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாவற்றையும் படித்தேன். படிக்கப் படிக்க, என்ன நடந்தது என்பது தெளிவதற்குப் பதிலாக, யார் யாரைக் குற்றம் சொல்கிறார்கள் என்பது மட்டுமே தெளிந்தது. அந்த அலுப்பில்தான் அலமாரியில் இருந்த பள்ளை எடுத்தேன். முக்கூடல் என்பது நம் சீவலப்பேரிதான், சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் இடம் என்று சிறுவயதில் உன்னை அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறேன்.

"ஆற்று வெள்ளம் நாளைவரத் தோற்றுதே குறி – மலையாள மின்னல் ஈழமின்னல் சூழமின்னுதே" என்று தொடங்கும் அந்தப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் வெறும் மகிழ்ச்சிப் பாட்டாகத்தான் மனப்பாடம் செய்தோம். வெள்ளத்துக்குப் பிறகு படித்தபோது அது ஒரு வானிலை அறிக்கையாகவே எனக்குத் தெரிந்தது. மேற்கே மலையாளத்துப் பக்கம் ஒரு மின்னல், தென்கிழக்கே ஈழத்துப் பக்கம் ஒரு மின்னல், இரண்டு நாளாகக் கொம்பு சுற்றி அடிக்கும் காற்று, கேணியில் கூப்பிடும் சொறித்தவளை, சேற்றில் வளையை அடைத்துக்கொள்ளும் நண்டு: இவ்வளவையும் சேர்த்துப் பார்த்த பிறகே நாளைக்கு வெள்ளம் என்று சொல்கிறார்கள். 2023இல் மழையைக் கொண்டுவந்த சுழற்சி குமரிக் கடலில் நின்றதென்று நீ சொன்னது நினைவிருக்கிறதா? பாட்டு பார்க்கச் சொல்லும் திசையும் ஏறக்குறைய அதுதான். ஆனால் என்னை நிறுத்தியது அந்த அறிவு அன்று. வெள்ளம் வருகிறது என்பதைக் கேட்டு அவர்கள் ஆடிப்பாடித் துள்ளினார்கள் என்பதுதான். அதே ஆறு, அதே திசையிலிருந்து வந்த மழை. அவர்களுக்குத் திருவிழாவாக இருந்தது நமக்கு ஏன் இழவாக வந்தது என்ற கேள்வியை எந்தத் தொலைக்காட்சி விவாதமும் என்னிடம் கேட்கவில்லை, பள்ளுதான் கேட்டது.

(துள்ளியவர்கள் பண்ணையில் உழைத்த பள்ளர்கள் என்பதையும், அதே நூலில் பண்ணைக்காரன் பள்ளனுக்குத் தண்டனை கொடுக்கும் கட்டமும் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை.)

அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டில் இருந்தது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் முன்னால் நின்று குடபுலவியனார் பாடுகிறார். மறுமைக்குச் செல்வம் வேண்டுமா, மற்ற மன்னர்களின் தோள்வலியை அடக்கி நீ ஒருவனே ஆள வேண்டுமா, அழியாத புகழ் வேண்டுமா என்று அரசன் ஆசைப்படக்கூடிய மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் சொல்லும் வழி ஒன்றே ஒன்று: "நிலன்நெளி மருங்கின் நீர்நிலை பெருகத்" தண்ணீரைத் தட்டி நிறுத்து. போரில் வென்று வந்த ஓர் அரசனிடம் போய், குளம் வெட்டு என்று சொல்லும் துணிச்சலைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது "நிலன் நெளி மருங்கு" என்ற மூன்று சொற்கள். நிலம் எங்கே பள்ளமாக வளைகிறதோ அந்த இடம். நீர்நிலையை எங்கு வேண்டுமானாலும் அமைத்துவிட முடியாது. நிலம் ஏற்கெனவே அதற்கென்று நெளிந்து கொடுத்திருக்கும் இடத்தில்தான் அது நிற்கும். அந்த இடத்தை வேறு எதற்குக் கொடுத்தாலும் நீர் தன் இடத்தைத் தேடித் திரும்பி வரும்.

இதைப் படித்தபின் நாட்டு நடப்பு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. திருநெல்வேலியின் புதிய பேருந்து நிலையம் நிற்பது வேய்ந்தான்குளத்தில். மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாயில். சென்னையில் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உண்டாயிற்று. கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்த வள்ளுவருக்குக் கோட்டம் எழுப்பியதும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்திலேதான். 2015 வெள்ளத்தையும், 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்டுபோனதையும் இரண்டு தனித்தனிச் செய்திகளாகத்தான் நான் அப்போது படித்தேன். அவை ஒரே செய்தி என்பது இந்த மூன்று சொற்கள் இல்லாவிட்டால் எனக்கு விளங்கியிருக்காது. "கெடுப்பதூஉம் கெட்டார்க்குச் சார்வாய்மற் றாங்கே எடுப்பதூஉம் எல்லாம் மழை" என்பதைப் பொதுவாக மழையின் பெருமை என்றே பொருள் சொல்லிப் பழகியிருக்கிறோம். கெடுக்கும் மழைக்கும் எடுக்கும் மழைக்கும் நடுவே ஒரு குளம் இருக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இது உரையாசிரியர் எவரும் சொன்னதன்று, என் சொந்த எண்ணம்.

2015 வெள்ளத்தைப் பற்றிய இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அது மனிதர் செய்கையால் நேர்ந்த பேரிடர் என்று சொல்லியிருந்ததைப் பெரிய கண்டுபிடிப்பைப் போலப் பேசிக்கொண்டோம். புறநானூறு 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் சொல்கிறார்: "மாரி பொய்ப்பினும் வாரி குன்றினும் இயற்கை அல்லன செயற்கையில் தோன்றினும் காவலர்ப் பழிக்கும் இக்கண்ணகன் ஞாலம்." மழை பொய்த்தாலும், விளைச்சல் குறைந்தாலும், மக்கள் செய்கையால் இயற்கையல்லாதது நேர்ந்தாலும் உலகம் அரசனைத்தான் பழிக்கும், இதை நீ அறிந்துகொள். அந்தப் பழி நியாயமா இல்லையா என்று புலவர் வாதாடவில்லை. ஆட்சி என்றால் அதையும் சுமப்பதுதான் என்று வைத்துவிட்டு, உழவரைக் காப்பாற்று என்கிறார். பாட்டின் கீழுள்ள குறிப்பின்படி அவர் தம் நிலத்தின் பழைய வரிப்பாக்கியை நீக்கிக்கொண்டு திரும்பினார். எச்சரிக்கை கொடுத்தோம், கொடுக்கவில்லை என்ற சண்டையைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் இந்தக் குறிப்பை நான் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு என் கதையைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. நான் வருவாய்த் துறை அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்த காலத்தில், குளம் புறம்போக்கை வேறு வகைக்கு மாற்றும் கோப்புகள் என் மேசைக்கும் வந்ததுண்டு. "தூர்ந்து போய், பயன்பாட்டில் இல்லாத குளம், ஆட்சேபணை இல்லை" என்று குறிப்பெழுதுவது எனக்குக் கைவந்த கலை. அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. குளம் தூர்ந்துதான் போயிருந்தது, பயன்பாட்டில் இல்லைதான். ஆனால் மடை யார் பொறுப்பில் இருந்தது, குளம் நிரம்பினால் மறுகால் எந்தப் பக்கம் பாயும், அந்தத் தண்ணீர் அடுத்து எந்தக் குளத்துக்குப் போகும் என்று நான் ஒரு கோப்பிலும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, 2019இல் சாகித்திய அகாடமி விருது பெற்ற சோ. தர்மனின் சூல் நாவலைப் படித்தேன். கோவில்பட்டிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றையும், அதைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட ஊரையும், அந்தப் பொறுப்பு ஊரின் கையைவிட்டுப் போன பிறகு நேர்ந்ததையும் பற்றிய நாவல் அது. படித்து முடித்த அன்று இரவு எனக்கு என் குறிப்புகளின் நடைதான் காதில் ஒலித்தது. ஒரு நாவல் என்னைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. நான் எழுதிய வாக்கியத்துக்கு அந்தப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று காட்டியது, அவ்வளவுதான். முப்பது ஆண்டு அரசாங்கத் தாளில் எனக்குத் தெரியாமல் இருந்தது அது.

ஆகவே செய்தி கேட்டால் செய்யுள் சொல்கிறேன் என்றால், செய்யுள் செய்திக்கு மாற்று என்று நான் நினைப்பதாகக் கொள்ளாதே. காயல்பட்டினத்து அளவைப் புறநானூறு எனக்குச் சொல்லாது. அணையின் நீர்மட்டத்துக்கு நான் பள்ளைப் புரட்டுவதுமில்லை. நீ கேட்ட கணக்கை நாளைக் காலை நாளிதழ் பார்த்துத் தவறாமல் அனுப்புகிறேன்.

உன்னிடம் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. நான் குறிப்பெழுதிய கோப்புகளில் இன்னும் நினைவிலிருக்கும் மூன்று குளங்களின் கிராமப் பெயரையும் சர்வே எண்ணையும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் 18, 19 தேதிகளுக்குப் படம் கிடைக்குமானால், அந்த மூன்று இடங்களிலும் தண்ணீர் எவ்வளவு தூரம் பரவி நின்றது, அங்கிருந்து எந்தப் பக்கம் போனது என்று பார்த்துச் சொல். மூன்றாவது குளம் அத்தை வீட்டுக்கு மேற்கே இருக்கிறது. அவளிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம். படத்தைப் பார்த்தபின் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா