அந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பாருங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை இங்கே நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

காவேரிப்பட்டணத்தில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். என் அண்ணனுக்கு மாந்தோப்பு இருந்தது. மதுவைத் தொட்டதே இல்லை. சர்க்கரை நோய் மட்டும் நெடுநாளாக இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருடைய இரத்தத்தை நானே எடுத்து, நானே சோதித்தேன். ஈரல் புண்படும்போது இரத்தத்தில் கூடும் நொதிகளான எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 36. இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 1 லட்சத்து 30 ஆயிரம். சீட்டைப் பார்த்த மருத்துவர், “கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன மாங்காய்ப் பருவத்தில், லாரிக்குக் கூடைகள் ஏற்றிக்கொண்டிருந்தபோது இரத்த வாந்தி எடுத்தார். ஈரல் சுருங்கிவிட்டது என்றார்கள். 11 நாள்களில் போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர், “மறைவாகக் குடிப்பாரோ?” என்று என் அண்ணியிடமே கேட்டார்கள்.

காரியம் முடிந்த பிறகுதான் பழைய சீட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். 2006-இல் வெளியாகி, ஈரலில் தழும்பு இருக்குமா என்று மதிப்பிட இன்று பல நாடுகளில் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிப்-4 கணக்கு அது. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்க வேண்டும். 58-ஐ 48-ஆல் பெருக்கினால் 2,784. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். 130-ஐ 6-ஆல் பெருக்கினால் 780. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 3.57. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய கவலை இல்லை. 2.67-ஐத் தாண்டினால் கல்லீரலில் முற்றிய தழும்பு இருக்கக்கூடும், உடனே மேற்பரிசோதனை வேண்டும். அந்த மூன்று எண்களும் ஒரே தாளில்தான் இருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

இனி எதைக் கண்டுபிடித்து என்ன பயன், தழும்பு தழும்புதானே என்று உங்களில் சிலர் எண்ணலாம். அந்த எண்ணத்தை மாற்றத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கல்லீரல் தழும்பு என்பது ஆறிப்போன காயம் அல்ல, உள்ளே இடைவிடாமல் நடக்கும் வேலை. கல்லீரலில் நட்சத்திர வடிவச் செல்கள் உண்டு; இயல்பான நாள்களில் வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைப்பதே அவற்றின் பணி. கொழுப்போ, மதுவோ, மஞ்சள் காமாலைக் கிருமியோ ஈரலை விடாமல் புண்ணாக்கும்போது இவை குணம் மாறி, தழும்பாகப் படியும் கொலாஜன் என்னும் புரத நார்களை நெய்யத் தொடங்குகின்றன. இந்த நெசவை ஏற்றவும் இறக்கவும் செய்பவற்றில் மைக்ரோ ஆர்என்ஏ என்னும் மிகச் சிறிய மூலக்கூறுகளும் உண்டு. ஏறத்தாழ 22 எழுத்து நீளம்தான். ஒரு புழுவில் 1993-இல் இவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவற்றில் மிர்-29 என்பது பிரேக் போன்றது. கொலாஜன் செய்யச் சொல்லிப் போகும் தூது ஆர்என்ஏவைப் பற்றிக்கொண்டு, அந்த உத்தரவு நிறைவேறாமல் தடுக்கிறது. தழும்பேறும் கல்லீரலில் இது குறைந்துவிடுவதை எலிகளிலும் மனிதர்களிலும் பார்த்திருக்கிறார்கள். மிர்-21 இதற்கு நேர்மாறு. தழும்பு கூடும்போது அதுவும் கூடி, நெசவுக்குத் துணை போகிறது. கல்லீரல் செல்லில் உள்ள மைக்ரோ ஆர்என்ஏக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு மிர்-122 என்ற ஒன்றே. செல் சிதையும்போது அது இரத்தத்தில் கசிகிறது. சென்ட்ரிஃபியூஜ் நின்றதும் குழாயின் மேலே தெளிந்து நிற்கும் அந்த இளமஞ்சள் சீரத்தை நாள்தோறும் பார்க்கிறேன். அண்ணனின் குழாயிலும் மிர்-122 மிதந்திருக்கும். எங்கள் கருவிக்கு அதைப் படிக்கத் தெரியாது.

இந்த மூலக்கூறுகளை மருந்தாக்கும் முயற்சி எளிதாக இல்லை. மிர்-34ஏ-யைப் போலச் செய்த ஒரு புற்றுநோய் மருந்தின் சோதனையை, உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு கடுமையாக எதிர்வினை காட்டியதால் 2016-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. மிர்-29-ஐ ஊசியில் ஏற்றித் தாருங்கள் என்று உங்களிடம் கேட்க நான் வரவில்லை. ஆனால் பிரேக் ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய செய்தி. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளை மருந்தால் அடக்கியவர்களுக்குத் தழும்பு பின்வாங்கியிருக்கிறது. கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் உடல் எடையைப் பத்தில் ஒரு பங்கு குறைத்த பலருக்கும் அப்படியே. முற்றிச் சுருங்குவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. தன்னார்வலப் பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்பது அவர்களின் பதிவேட்டில் இருக்கிறது. கொழுப்பு ஈரல் தழும்பாக மாறும் ஆபத்து அதிகம் உள்ளவர்களும் அதே மக்கள்தான். பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது. 35 வயதைத் தாண்டிய ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இந்த மூன்று சோதனைகளையும் எடுத்து, ஃபிப்-4 எண்ணைச் சீட்டிலேயே அச்சிடச் சொல்லுங்கள். 65 வயதுக்கு மேல் 1.3-க்குப் பதில் 2-ஐ எல்லையாகக் கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். ஒரு பிரிண்டர் வரிதான் கூடுதல் செலவு. எண் கூடியவர்களுக்கு, ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமையில் எடுக்கப்படும் என்று ஆரம்ப சுகாதார நிலையப் பலகையில் எழுதி வையுங்கள். அதோடு, ஈரல் கெட்டவர்கள் எல்லோரும் குடிகாரர்கள் அல்லர் என்பதைத் தன்னார்வலர்கள் வாயாலேயே வீடுகளில் சொல்ல வையுங்கள். என் அண்ணி இன்னும் அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டிருக்கிறார்.

எங்கள் நிலையத்து மருத்துவரின் ஒப்புதலோடு இரண்டு மாதங்களாக அந்த எண்ணைச் சீட்டின் அடியில் கையால் எழுதித் தருகிறேன். போன வாரம் பூத்தோட்ட வேலைக்குப் போகும் 51 வயது அம்மா ஒருவருக்கு 2.9 வந்தது. “இதுக்கு எங்கே போகணும், கண்ணு?” என்று கேட்டார். அவரை எங்கே அனுப்பட்டும் என்று எழுதுங்கள்.