அம்மாவைத் தண்ணீரிலிருந்து எழுப்பிய நிர்வாகத்துக்கு

மதிப்புக்குரிய நீச்சல் குள நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். நீச்சலுடை முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற விதியைக் காட்டி என் அம்மாவை வெளியேற்றினீர்கள்.

அம்மாவுக்கு 61 வயது. தண்ணீரைக் கண்டாலே பயந்தவர், மூட்டுவலிக்காக மருத்துவர் சொல்லி எட்டு மாதமாக நீந்தக் கற்றுக்கொள்கிறார். அன்றுதான் முதல்முறையாக நிற்காமல் மறுமுனை வரை போனார். சுவரைத் தொட்டுத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போதுதான் உங்கள் ஊழியர் விசில் ஊதினார். எல்லோரும் பார்க்க, ஈரம் சொட்டச் சொட்ட ஏணியில் ஏறி வந்தார். "நான் என்னடி தப்பு பண்ணேன்?" என்று கேட்டவர், வீடு வரும் வரை வேறெதுவும் பேசவில்லை.

பாதுகாப்புக்காகத்தான் என்றால் சரி, ஒத்துக்கொள்வேன். நூறாண்டுக்கு முன்பு பெண்கள் அணிந்த கம்பளி நீச்சலுடை, தண்ணீரில் ஊறிக் கனத்துத் தொங்கியது. தொளதொள பருத்தித் துணியும் அப்படித்தான். ஆனால் அம்மா போட்டிருந்தது உடலோடு ஒட்டிய நைலான் நீச்சலுடை. உங்கள் அறிவிப்புப் பலகையில் துணியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நீளத்தை விடுங்கள், எந்தத் துணி கூடாது என்று எழுதுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

1922-இல் வாஷிங்டனில், முழங்காலுக்கு மேல் 6 அங்குலத்தைத் தாண்டி நீச்சலுடை ஏறக் கூடாது என்று காவலர் ஒருவர் டேப் வைத்துப் பெண்களின் காலை அளந்தார். அந்தப் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2021-இல் மணலில் பந்தைக் கையால் எறிந்து ஆடும் பீச் ஹேண்ட்பாலில் நார்வே நாட்டுப் பெண்கள், பிகினிக்குப் பதில் அரைக்கால் சட்டை போட்டு ஆடியதற்கு அணிக்கு 1500 யூரோ அபராதம். குட்டையாக இருந்தாலும் குற்றம், நீளமாக இருந்தாலும் குற்றம் என்றால் நாங்கள் எதைத்தான் போடுவது? பெண்ணின் காலில் எவ்வளவு தெரியலாம் என்று எந்தக் காலத்திலும் வேறு யாரோதானா முடிவு செய்ய வேண்டும்? அம்மாவுக்கு எது கூச்சம், எது வசதி என்பது அம்மாவுக்குத் தெரியாதா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். நார்வே பெண்களைத் தண்டித்த விதியை அதே ஆண்டு மாற்றினார்கள். உங்களாலும் முடியும். தயவுசெய்து அந்த நீள விதியை எடுத்துவிடுங்கள். அம்மாவின் நீச்சலுடை துவைத்துக் காய்ந்து மடித்து வைத்தபடி இருக்கிறது. அவரை எப்போது அழைத்து வரலாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குளத்தில் நீந்தும் ஒரு பெண்