தேர்ச்சி விழுக்காடும் டி.சி. வாங்கிய பிள்ளைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு முடிவுகள் வந்ததும் மாவட்டங்களையும் பள்ளிகளையும் தேர்ச்சி விழுக்காட்டின்படி வரிசைப்படுத்துவதும், பின்தங்கிய பள்ளிகளின் தலைமையாசிரியர்களை அழைத்து விளக்கம் கேட்பதும் வழக்கமாகிவிட்டன. மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களை அறிவிக்கும் முறையை 2017-இல் கைவிட்ட அரசு, மாணவரை வரிசைப்படுத்துவதால் விளையும் கேடு பள்ளியை வரிசைப்படுத்துவதாலும் விளையும் என்று ஏனோ கருதவில்லை.

பள்ளிகளுக்கிடையே போட்டி இருந்தால் தரம் தானாக உயரும் என்பவர்கள், வடசென்னையில் ஜூன் மாதச் சேர்க்கையை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பிள்ளையின் பெற்றோரை அழைத்து, "பத்தாவதில் இவனால் முடியாது, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடும் தனியார் பள்ளிகள் இங்கு உண்டு. காசிமேட்டு விசைப்படகுகள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் நிற்க, மீனவக் குடும்பங்களுக்கு வருமானம் இல்லாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான நாட்களில்தான் அடுத்த ஆண்டுக் கட்டணமும் கேட்கப்படுகிறது என்பதால், பல பெற்றோர் எதிர்த்துப் பேசாமல் டி.சி.யை வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளை வந்து சேரும் இடம் மாநகராட்சிப் பள்ளி. அடுத்த மே மாதம், அனுப்பிவைத்த பள்ளியின் வாசலில் 'நூறு விழுக்காடு தேர்ச்சி' என்று பேனர் தொங்குகிறது. சேர்த்துக்கொண்ட பள்ளியின் தலைமையாசிரியர் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்கிறார். நன்றாகக் கற்பிப்பதைவிட, கற்பிக்கக் கடினமான பிள்ளையை வெளியே அனுப்புவது செலவு குறைந்த வழி. போட்டி அந்த வழியைத்தான் தேடிப் போகும்.

மாநகராட்சிப் பள்ளிக்குள்ளும் இந்த விழுக்காடு செய்யும் வேலை சிறியதன்று. ஜனவரி பிறந்தால் 'மெல்லக் கற்போர்' பட்டியல் தயாராகிவிடும். அவர்கள் கையில், தேர்ச்சி பெறத் தேவையானதை மட்டும் தொகுத்த குறைந்தபட்சக் கற்றல் கையேடு. குவிலென்சை வெயிலில் பிடித்துக் காகிதத்தில் ஒளி குவிவதைக் காட்ட ஐந்து நிமிடம் போதும், ஆனால் பிம்பம் எங்கே விழுகிறது என்று புரியாமலே அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து மனப்பாடம் செய்யும் பிள்ளைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். 35 மதிப்பெண் வந்துவிடும். அறிவியல் வந்ததா என்று எவரும் கேட்பதில்லை.

தேர்வு முடிவை வைத்துப் பள்ளியை மதிப்பிடும் இந்த முறையை அமெரிக்கா நாடு தழுவிச் செய்து பார்த்தது. 2002-இல் வந்த சட்டம் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைத்து, 2014-க்குள் அனைவரும் உரிய தேர்ச்சியை எட்ட வேண்டும் என்றது. எட்டாத பள்ளிகளுக்கு நடவடிக்கை காத்திருந்தது. அட்லாண்டா நகரில் மாணவர் எழுதிய தவறான விடைகளை ஆசிரியர்களே அழித்து மாற்றியது 2011-இல் விசாரணையில் வெளிப்பட்டது. 2015 இறுதியில் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறொன்று வந்தது. நம் மாநிலத்திலும் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள்.

தேர்வே வேண்டாம் என்பதல்ல என் வாதம். மாணவருக்கு எது வரவில்லை என்று ஆசிரியர் அறியத் தேர்வு தேவை. ஆனால் பள்ளியின் தகுதிக்கு அதை அளவுகோலாக்கும்போது, யாரை வைத்துக்கொண்டு அந்த விழுக்காடு எடுக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிவுசெய்யும் எமிஸ் இணையதளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் இருப்பதால், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்று கணக்கிடுவது கடினமன்று. அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி, அந்த எண்ணிக்கையையும் தேர்ச்சி விழுக்காட்டோடு சேர்த்தே வெளியிடுமாறு பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.